கக்குவானுக்குத் தார்ப்புகை

மாதம் ஒரு தடவை நாம் கூடி வடை சாப்பிடுகிறோமே, போன தடவை நம்மில் ஒருவர் என்னிடம் கேட்டார், "நீங்க எப்படிம்மா இந்தத் தார் வேலைக்கு வந்தீங்க? படிச்ச படிப்புக்கு ஜாம் ஜாம்னு ஒரு பேங்க்ல உக்காந்திருக்கலாமே" என்று. நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். தரமணி ரோடு சோதனைக்கூடத்தில் ஒரே ஜன்னலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து தலை நரைத்தவர்கள் நாம். உங்களிடம் மழுப்பியது எனக்கே உறுத்தியது. அதனால்தான் எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேருக்குக் கண்ணில் புரை, மீதிப் பேருக்குப் பொறுமை கிடையாது. இருந்தாலும் படியுங்கள்.

அப்போது எனக்கு ஏழு வயது. சாந்தோமில் இரண்டே அறை கொண்ட வீடு. தம்பி பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்தச் சமயம் பார்த்து எனக்குக் கக்குவான் இருமல் வந்தது. எனக்குத் தடுப்பூசி போட்டார்களா இல்லையா என்பதில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கடைசி வரை இரண்டு கருத்துதான்.

அந்த இருமலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இருமி இருமி மூச்சு முழுக்க வெளியே போய்விடும். பிறகு உள்ளே இழுக்கும்போது 'ஹூப்' என்று ஒரு சத்தம் வரும். முகம் நீலம் பாரித்து, கடைசியில் சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வந்துவிடும். இருமலுக்குப் பயந்ததைவிட அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் அதிகம் பயந்தேன். நான் இரும ஆரம்பித்ததும் அம்மா தம்பியை மார்போடு அணைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கைக்குழந்தைக்கு ஒட்டிக்கொண்டால் பிழைக்காது என்று மாதா கோயில் டிஸ்பென்சரி நர்ஸம்மா சொல்லியிருந்தார். அதனால் அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கதவு சாத்தும் சத்தம் எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஒரே சாயங்காலத்தில் பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். என்னை மந்தைவெளியில் இருந்த அத்தை வீட்டில் விடுவது என்று. அத்தை என்றால் அப்பாவின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அப்பா என்னை சைக்கிளில் வைத்துக் கொண்டுபோய், துணிப்பையோடு அத்தை வீட்டு கேட்டுக்கு உள்ளே நிறுத்தினார்.

"இருமல் நின்ன அன்னிக்கே வந்து கூட்டிட்டுப் போறேன்டா கண்ணு. அழக்கூடாது" என்றார்.

நான் அழவில்லை. இருமல் நின்றால் வீடு, நிற்காவிட்டால் இங்கேதான். ஏழு வயதில் எனக்கு அது தெளிவாகப் புரிந்தது. அன்றைக்கே மூச்சை அடக்கிப் பார்த்தேன். அடக்கினால் பின்னால் வருவது இரட்டிப்பாக வந்தது.

அத்தைக்கு மாடியில் ஒற்றை அறை போர்ஷன். எனக்கென்று தனி டம்ளர், தனித் தட்டு, தனிப் பாய். அத்தை அதிகம் பேச மாட்டார். கோபம் என்று நினைக்காதீர்கள். அவருக்கு வீட்டில் பேசிப் பழக்கமில்லை, அவ்வளவுதான். பரீட்சை லீவு வந்துவிட்டது. கீழே தெருப்பிள்ளைகள் பம்பரம் விடுவதை ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் நான் கீழே இறங்கிப் போனபோது, கீழ்வீட்டு அம்மா தன் பெண்ணின் கையைப் பிடித்து வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நான் இறங்கவில்லை. மத்தியானம் முழுக்கத் தெருவில் யாரும் இருக்க மாட்டார்கள். ஐஸ்காரர் வண்டியில் கட்டையால் தட்டிக்கொண்டு போவார். நானும் ஜன்னல் கம்பியைத் தட்டுவேன். அவர் ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

அப்புறம்தான் தார்க்காரர்கள் வந்தார்கள். மழைக்கு முன்னால் ரோடு போட வேண்டுமே, கோடையில்தான் வருவார்கள். முதல் நாள் ஜல்லியைக் குவித்தார்கள். மறுநாள் மாட்டுவண்டியில் தார் பீப்பாய்கள் வந்து இறங்கின. அதற்கடுத்த நாள் சக்கரம் வைத்த பெரிய தார் அடுப்பைத் தள்ளிக்கொண்டு வந்து தெருமுனையில் நிறுத்தி, அடியில் விறகு வைத்துப் பற்றவைத்தார்கள்.

அன்று காலை கோயிலில் நர்ஸம்மா அத்தையிடம் சொல்லியிருக்கிறார். அவர் வெள்ளைக்கார டாக்டர்களிடம் வேலை கற்றவர். அந்தக் காலத்தில் கக்குவான் வந்த பிள்ளைகளைத் தார் காய்ச்சும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவார்களாம். புகை உள்ளே போனால் நெஞ்சு இளகுமாம். "கை வைத்தியம்னு நினைக்காதீங்க டீச்சர், டாக்டருங்களே சொல்லுவாங்க" என்றாராம்.

அத்தை கணக்கு டீச்சர். எதையும் இரண்டு தடவை போட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டார். ஆனால் முந்தின நாள் நான் மூச்சுத் திணறியதைப் பார்த்து ஆடிப்போயிருந்தார். வெயில் தாழ்ந்ததும் எனக்கு ஒரு பழைய தாவணியை முக்காடு போட்டுக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார்.

தார் உருகும் வாசனையை உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. ஆனால் முதல் தடவை அதை முகர்ந்தது உங்களுக்கு நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது. விறகுப்புகையும் மண்ணெண்ணெயும் ஏதோ பழைய இனிப்பும் கலந்த வாசனை. பீப்பாயைக் கோடாலியால் பிளந்து தகரத்தை உரித்துப் போடுவார்கள். உள்ளே தார் கட்டியாக நிற்கும். ஓங்கி அடித்தால் கண்ணாடிபோலச் சில்லு சில்லாகத் தெறிக்கும். அதையே வெயிலில் விட்டுவைத்தால் சாயங்காலத்துக்குள் வழிந்து, தரையில் தோசை மாதிரி பரவிக் கிடக்கும். கெட்டியா, தண்ணியா என்று அந்த வயதில் எனக்குப் புரியாமல் போனதுதான் பிறகு என் பிழைப்பானது.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் இருந்தார். சைதாப்பேட்டைக்காரர். கால்களில் முழங்கால் வரை கோணிச்சாக்கைச் சுற்றிக் கட்டியிருப்பார். அடியில் ஓட்டை போட்ட டின்னில் கொதிக்கும் தாரை வாங்கி, ஜல்லி மேல் கோடு கோடாக ஊற்றிக்கொண்டே பின்னால் நடப்பார். நான் தார்க்கார அக்கா என்று கூப்பிடுவேன். என் முன்னால் மூக்கைப் பொத்தாமல், கையைப் பிடித்து இழுக்காமல் நின்ற முதல் ஆள் அவர்தான்.

"இன்னாம்மா, கக்குவானா?" என்றார் அன்று. "எங்க ஊட்லயும் மூணு கொயந்தைக்கி வந்துச்சி. காத்து அடிக்கிற பக்கமா நில்லு. ரொம்பக் கிட்ட வராத, தெறிக்கும்."

தினமும் போனோம். தெருவுக்குத் தெரு அடுப்பு நகர, நாங்களும் பின்னாலேயே நகர்ந்தோம். அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நிற்பார். நான் வாயைத் திறந்துகொண்டு நிற்பேன். இருமல் போக வேண்டியது எனக்குத்தானே.

இந்த இடத்தில் உங்களைச் சிரிக்கவைக்க ஒன்று சொல்கிறேன். பீப்பாய்களின் மேல் வெள்ளைப் பெயிண்டில் எண் எழுதியிருக்கும். சிலவற்றில் 80/100. சிலவற்றில் 60/70. நான் அதை மார்க் என்று நினைத்தேன். நான் நினைத்தால் பரவாயில்லை, அத்தையும் அப்படியே நினைத்தார். பள்ளிக்கூடத்திலேயே வாழ்ந்தவருக்கு வேறு எப்படித் தோன்றும்? நூற்றுக்கு எண்பது, எழுபதுக்கு அறுபது. மனக்கணக்காகவே போட்டு, "அறுபதுதான்டி ஒசத்தி. எண்பத்தஞ்சு சதவீதத்துக்கு மேல வருது" என்றார். அதிலிருந்து மேஸ்திரியைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னிக்கு அறுபது எழுபது ஒடைக்கிறீங்களா?" என்று விசாரிப்பார். மேஸ்திரி, டீச்சருக்குத் தாரைப் பற்றி ஏதோ பெரிய ஞானம் இருக்கிறது என்று மிரண்டுபோய், அந்தப் பீப்பாயை எங்களுக்காக எடுத்து வைப்பார்.

வேலையில் சேர்ந்த முதல் வாரம் எனக்கு ஊசி இறங்கும் சோதனையைச் சொல்லிக்கொடுத்தார்களே, அன்று நான் தனியாகச் சிரித்ததை நீங்கள் பைத்தியம் என்று பேசிக்கொண்டது எனக்குத் தெரியும். இருபத்தைந்து டிகிரி சூட்டில், ஐந்து விநாடியில், நூறு கிராம் பாரத்தோடு ஊசி எவ்வளவு இறங்குகிறது என்பதற்குத்தான் அந்த எண். அறுபதுக்கும் எழுபதுக்கும் நடுவில் இறங்கினால் கெட்டித் தார். எண்பதுக்கும் நூறுக்கும் நடுவில் என்றால் இளகின தார். மார்க்கும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. இப்போது அந்த எண்களையும் எடுத்துவிட்டு, எவ்வளவு பிசுபிசுப்பு என்று பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள்.

இன்னொன்றும் அங்கேதான் தெரிந்தது. நர்ஸம்மாவின் டாக்டர்கள் சொன்ன தார், நிலக்கரியைக் காற்றில்லாமல் வேகவைக்கும்போது வடிவது. ரோட்டுக்கு வந்த பீப்பாய்களில் இருந்தது அது இல்லை. அது கச்சா எண்ணெயைக் காய்ச்சி, பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் மேலே போன பிறகு காய்ச்சும் கோபுரத்தின் அடியில் தங்கும் நிலக்கீல். சில நாடுகளில் அது ஏரியாகவே நிலத்திலிருந்து ஊறிக் கிடக்கிறது. அதையே காற்றூதிக் கெட்டியாக்கினால் மொட்டைமாடி ஒழுகாமல் பூசலாம். தண்ணீரில் அரைத்துக் குழம்பாக்கினால் காபி நிறத்தில் இருந்து, ஊற்றின சற்று நேரத்தில் கறுத்துப்போகும். எத்தனை வடிவம் எடுத்தாலும் அதற்கும் நிலக்கரித் தாருக்கும் சொந்தமில்லை. நம் ஜனங்களுக்குக் கறுப்பாக ஒட்டினால் எல்லாமே தார்தான். நிஜமான நிலக்கரித் தார் வேண்டுமென்றால் சாந்தோமிலேயே, எங்கள் வீட்டுக்குப் பின்னால் குப்பத்தில், படகின் அடியில் பூசிக்கொண்டிருந்தார்கள். அதற்காக என்னை மந்தைவெளிக்கு அனுப்பியே இருக்க வேண்டாம். அந்தப் புகை நெஞ்சுக்கு நல்லதும் இல்லை என்பது வேறு கதை.

ஆக, தவறான தார் முன்னால் நின்றுதான் எனக்கு இருமல் குறைந்தது. தானாகவே குறையும் காலம் வந்திருக்கும். 'ஹூப்' சத்தம் முதலில் போனது. வாந்தி நின்றது. ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கினேன். பிறகு ஒரு வாரம் இருமலே இல்லை. நான் துணிப்பையில் என் பாவாடைகளை மடித்து வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தேன்.

அப்பா ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் வருவார். மேலே ஏற மாட்டார். தொற்று வீட்டுக்கு வந்துவிடும் என்று பயம். கேட்டுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று, மாடி ஜன்னலைப் பார்த்துக் கேட்பார். அன்றும் கேட்டார்.

"அக்கா, எப்படி இருக்கா? நின்னுடுச்சா?"

நான் பையைத் தூக்கிக்கொண்டேன். அத்தை என் தோளில் கையை வைத்து, "இன்னும் ரெண்டு வாரம் இருக்கட்டும்டா" என்றார்.

"இன்னுமா இருமுறா?"

"இருக்கட்டும்னு சொல்றேன்ல."

அப்பா சரி என்று தலையாட்டிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். பை என் கையிலேயே இருந்தது. எனக்கு இருமலே இல்லையே என்று அத்தையிடம் கேட்டேன். அத்தை குளியலறைக்குள் போய்க் குழாயை முழுக்கத் திறந்துவிட்டுக்கொண்டார். நெடுநேரம் வரவில்லை.

அதற்குள் தார்க்காரர்கள் மந்தைவெளியை முடித்துவிட்டு அடையாறு பக்கம் போய்விட்டார்கள். இனி தார் கிடையாது, வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். மறுநாளே அத்தை என்னை பஸ் ஏற்றி, பாலம் தாண்டி, விசாரித்து விசாரித்து அந்த அடுப்பைக் கண்டுபிடித்துக் கொண்டுபோய் நிறுத்தினார். அன்றும் போனோம், அதற்கடுத்த நாளும் போனோம். இருமாத பிள்ளைக்கு எதற்கு வைத்தியம்? எனக்கு அத்தை மேல் வெறுப்பு வந்தது. பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார மாட்டேன்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின நாள் அப்பா கேட்டுக்கு வெளியே நிற்காமல் மேலேயே வந்துவிட்டார். கீழ்வீட்டு அம்மா சொல்லியிருக்கிறார். "உங்க பொண்ணு இருமி எத்தனையோ நாள் ஆச்சே சார்." அப்பா அத்தையிடம் அதிகம் பேசவில்லை. "பிள்ளை வேணும்னா கேட்டிருக்கலாமேக்கா. பொய் சொல்லணுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு என் பையை எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தேன். தம்பி என்னைப் பார்த்து அழுதான். அம்மா என்னைக் கட்டிக்கொண்டார். அதன் பிறகு எங்கள் வீட்டில் அத்தையைப் பற்றி ஒரே கதைதான். தனக்குப் பிள்ளை இல்லாத ஏக்கத்தில் என்னைப் பிடித்து வைத்துக்கொண்டார் என்று. அம்மா அதை எத்தனையோ கல்யாணங்களில், ஈஸ்டர் விருந்துகளில் சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அத்தை அந்த வருஷமே தெற்கே ஒரு கான்வென்ட் பள்ளிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். கிறிஸ்துமஸுக்குக் கேக் அனுப்புவார். பிறகு அதுவும் நின்றது. அவர் இறந்த செய்தி வந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. நானும் அந்தக் கதையை நம்பினேன். பாவம், பிள்ளை ஆசை என்று இரக்கப்பட்டும் இருக்கிறேன். அந்த இரக்கத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, என்னை ஒருவர் அவ்வளவு விரும்பியிருக்கிறார் என்று.

இப்போது நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், இந்த மழைக்காலத்தில் எனக்கு வந்த இருமல். நீங்கள் போனில் கேட்டபோதெல்லாம் தூசி அலர்ஜி என்றேன். மாதக்கணக்காக விடவில்லை. அடையாறில் என் ஃபிளாட்டுக்குப் பக்கத்திலேயே கிளினிக். சின்ன வயது டாக்டரம்மா. நெஞ்சைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பாட்டிகளுக்கும் கக்குவான் வரும் ஆன்ட்டி, தெரியுமா? பெரியவங்களுக்கு அந்த ஹூப் சத்தம் இருக்காது. வெறும் இருமல்தான், நூறு நாள் போகும். வீட்ல குழந்தைங்களுக்கு வந்தா பாத்துக்கறவங்களுக்கு ஒட்டிக்கும்" என்றார். பிறகு மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே, "கூட யார் வந்திருக்காங்க? அவங்களை உள்ள வரச் சொல்லுங்க" என்றார்.

யாரும் வரவில்லை என்றேன். வெளியே வந்து, மருந்துக்கடை வாசலில், ஆட்டோவும் பஸ்ஸும் ஓடுகிற அந்த ரோட்டைப் பார்த்தபடி நின்றேன். அங்கே நிற்கும்போதுதான் அத்தை குளியலறைக் குழாயை ஏன் திறந்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது.

அந்தக் காலத்தில் ஒரு டீச்சர் விடாமல் இருமினால் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். டி.பி. என்பார்கள். பள்ளியில் வகுப்பு கொடுக்க மாட்டார்கள், வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்வார். தனியாக ஒரு பெண் தார் அடுப்பு முன்னால் போய் நின்றால் ஊரே வேடிக்கை பார்க்கும். கையில் ஒரு பிள்ளை இருந்தால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அப்பா வாரா வாரம் வந்து கேட்டது என் இருமலைத்தான். அக்கா, நீ எப்படி இருக்கே என்று ஒரு தடவையாவது கேட்டாரா என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். எனக்கு ஞாபகம் வரவில்லை.

ஞாபகம் வருவது அடையாறில் ஒரு மத்தியானம். ரோடு இஞ்சின் ஜல்லியை அழுத்திக்கொண்டு போய்ப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. நான் கோபமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு அதையே பார்த்திருந்தேன். தார்க்கார அக்கா ஒரு காலி டின்னைக் கவிழ்த்து அடுப்புக்குப் பக்கத்தில் போட்டார். எனக்குத்தான் என்று நினைத்துப் போனேன்.

"நீ தள்ளிக்க கண்ணு. டீச்சர் குந்தட்டும்" என்றார்.

அத்தை உட்கார்ந்தார். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு குனிந்தார். தோள் குலுங்கியது. புகைதான் காரணம் என்று நினைத்தேன்.

"எத்தினி நாளா கீது டீச்சர்?"

அத்தை வாயிலிருந்து முந்தானையை எடுக்கவில்லை.

"உன் தம்பி சைக்கிள்ல வர்றாருன்னு சொன்னியே, அவராண்ட சொன்னியா?"

அத்தை இல்லை என்று தலையை ஆட்டினார்.

"இன்னா டீச்சர் நீ. ஒடம்பு முடியலன்னா கூட இட்டுகினு வர்றதுக்கு ஒரு ஆளு கூடவா இல்ல உனக்கு?"

அத்தை முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். எட்டி என் தலையில் கையை வைத்தார். அடுப்பின் சூட்டில் அந்தக் கை கொதித்தது.

"ஏன் இல்லாம? இதோ இவ கூட்டிட்டு வந்திருக்காளே" என்றார்.

எனக்கு அது தப்பாகப் பட்டது. வீட்டுக்குப் போக விடாமல் பஸ் ஏற்றி இழுத்துக்கொண்டு வந்தது யார்?

"நான் ஒண்ணும் கூட்டிட்டு வரல. அத்தைதான் என்னைக் கூட்டிட்டு வந்தாங்க" என்று தார்க்கார அக்காவிடம் திருத்திச் சொன்னேன்.

அத்தை என் தலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். "ஆமா, சரிதான்" என்றார்.